படகுக்குள் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன்

அந்த மோட்டார் படகின் விலை ஆயிரத்து இருநூறு வெள்ளி என்று விற்கிறவர் சொன்னார். என் கணவர் கையைக் கட்டிக்கொண்டு, "சரிங்கய்யா" என்றார். படகின் மேல் மூடியிருந்த தார்ப்பாயை அதுவரை யாரும் விலக்கக்கூட இல்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. காலையிலேயே கிளம்பி, கோலா கங்சாரிலிருந்து ஈப்போவுக்கு ஒரு பஸ், ஈப்போவிலிருந்து பத்து காஜாவுக்கு இன்னொரு பஸ். இரண்டு பஸ்ஸிலும் இந்த மனிதருக்கு நான் ஓதிக்கொண்டே வந்திருந்தேன். முதலில் பொருளைப் பாருங்கள், பிறகு விலையைக் கேளுங்கள், கேட்டதும் ஒத்துக்கொள்ளாதீர்கள் என்று. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். அந்தத் தைரியம் எல்லாம் விற்கிறவர் வீட்டு வாசல் வரைக்கும்தான் வந்தது.

வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துத் தமிழர். அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். தேய்த்த வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, அவசரமே இல்லாத பேச்சு. எங்கள் ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதின பெரிய கிராணியும் அதே பேச்சுதான் பேசுவார். அந்தக் குரலைக் கேட்டதும் என் கணவருக்குக் கை தானாகக் கட்டிக்கொண்டது. ரப்பர் ஸ்டோரில் பதினெட்டு வருடம் எஞ்சின் ஓட்டியவர் அவர். எந்த எஞ்சினுக்கும் பயந்ததில்லை. ஆனால் ஆபீஸ்காரர் ஒருவர் ஒரு எண்ணைச் சொன்னால் அதற்கு "சரிங்கய்யா" என்பதைத் தவிர வேறு பதிலும் உண்டு என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. வெட்டின ரப்பர் பாலை நிறுக்கும்போது தராசை நாங்கள் எட்டிப் பார்த்ததில்லை. கிராணி சொன்னதுதான் எடை. எங்கள் அப்பாமாருக்கும் அப்படித்தான்.

நல்ல வேளை, பணம் என் இடுப்பு முடிச்சில் இருந்தது. என் கணவர் கையில் இருந்திருந்தால் அங்கேயே நீட்டியிருப்பார்.

அந்தப் படகு எனக்கு எவ்வளவு தேவை என்பதைச் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் கடைசியில் எங்கள் தோட்டம் கைமாறியது. புதிதாக வாங்கியவர்கள் பால்மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய்ப்பனை நட்டார்கள். பால் வெட்டியவர்களுக்கு ஒரு தொகையைக் கொடுத்து வேலை இல்லை என்றார்கள். அடுத்த ஏற்பாடு செய்யும்வரை தொழிலாளர் லயத்து வீட்டில் இருந்துகொள்ளலாம் என்றார்கள். வேலை வேண்டும் என்றால் கண்ட்ராக்டரிடம் போகவேண்டும். அவரும் தமிழர்தான். முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்து புல்லுக்கு விஷம் அடிக்கும் வேலை. நாள் கூலி. உடம்புக்கு முடியாத நாளில் அதுவும் கிடையாது.

நான் போகவில்லை. இடியாப்பம் பிழிந்து கோலா கங்சார் பாசாரில் விற்க ஆரம்பித்தேன். ஐந்தரை மணிக்குக் கூடையோடு அங்கே உட்கார்ந்தால், வேலைக்குப் போகிறவர்கள் தேங்காய்ப்பூவும் சிவப்புச் சர்க்கரையும் வைத்து வாங்கிக்கொண்டு போவார்கள். எட்டு மணிக்கெல்லாம் கூடை காலியாகிவிடும். பாசார் ஆற்றுக்கு அக்கரையில்; கடக்க ஒரு மலாய்க்காரப் பெரியவர் சம்பான் என்ற துடுப்புப் படகு வைத்திருந்தார். அவருக்கு முட்டிவலி வந்து, துடுப்பை மூலையில் வைத்துவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார்.

பிறகு எனக்கு ரோட்டு வழி ஒன்றுதான். அந்த ரோட்டில் புதுக் கம்பெனி ஒரு இரும்புக் கேட்டைப் போட்டிருந்தது. பனங்குலை திருட்டுப் போகிறது என்று சொல்லி, பொழுது சாய்ந்ததும் பூட்டிவிட்டுக் காலை ஏழு மணிக்குத்தான் திறப்பார்கள். கேட் திறந்து, பஸ் பிடித்து, பாலத்தைச் சுற்றிக்கொண்டு நான் பாசார் போய்ச் சேரும்போது எட்டரை. ஊரே சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போயிருக்கும். ஒரு மாதம் கூடையில் பாதி அப்படியே திரும்பி வந்தது. பிழிந்த கையாலேயே அதைக் கோழிக்குப் போட்டேன்.

கண்ட்ராக்டரிடம் ஒரு தடவை போய்க் கேட்டேன். அவருடைய லாரி மட்டும் விடிவதற்கு முன்பே வெளி வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு அதே கேட் வழியாகப் போகும். "அண்ணே, லாரிக்குத் தொறக்கிறப்போ நானும் கூடையோட வெளியே போயிக்கிறேன்" என்றேன். "வேலைக்கு வாக்கா, கேட்டு தானா தொறக்கும்லா" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த அன்றைக்கே முடிவு செய்தேன், இனி அந்தக் கேட்டின் முன்னால் போய் நிற்பதில்லை என்று. ஆற்றுக்குப் பூட்டு கிடையாது. படகு ஒன்று வேண்டும், அவ்வளவுதான். ஈப்போவில் ஒரு பட்டறையில் என் கணவர் கேள்விப்பட்டு வந்ததுதான் இந்தப் பத்து காஜாப் படகு.

"ஐயா, அந்தத் தார்ப்பாயக் கொஞ்சம் எடுக்கலாமா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் கணவரைப் பார்த்து, "இவவுக்குப் படகைப் பற்றித் தெரியுமோ?" என்றார்.

"இல்லீங்கய்யா, சும்மா கேக்குது" என்றார் என் கணவர்.

சும்மா கேட்கிறதாம். இருக்கட்டும், வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, நானே முடிச்சை அவிழ்த்துத் தார்ப்பாயைப் பின்னுக்குத் தள்ளினேன்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பதினான்கு அடி நீள மரப் படகு. வெளியே பச்சை, உள்ளே சாம்பல் நிறம், இரண்டும் புதுப் பெயிண்ட். சக்கரம் வைத்த வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தது. எஞ்சினைத் தனியாகக் கழற்றிச் சுவரோரம் மாட்டியிருந்தார். என் கணவரின் கண் அங்கே போய்விட்டது. எஞ்சினை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்கிற தைரியம் மட்டும் அவருக்கு எப்படியோ வந்தது. வீட்டுக்காரர் ஒரு டிரம்மில் தண்ணீர் பிடித்துக் கொடுக்க, அதன் விளிம்பில் எஞ்சினை மாட்டி, கயிற்றை இரண்டே இழுப்பு இழுத்தார். சத்தம் பிசிறில்லாமல் வந்தது.

"எஞ்சினு அருமையா இருக்குய்யா. புதுசு மாதிரிதான் இருக்கு" என்றார், பல்லெல்லாம் தெரிய. இப்படி வாங்க வந்தவரே விற்கிறவருக்கு ஏஜெண்டாக இருந்தால் யார்தான் விலையைக் குறைப்பார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

எஞ்சின் எனக்குத் தெரியாது. அவர் நன்றாக இருக்கிறது என்றால் நன்றாகத்தான் இருக்கும். எனக்குத் தொந்தரவாக இருந்தது வேறு ஒன்று. தார்ப்பாயை விலக்கியபோது வெயிலில் சூடான பெயிண்ட் வாசனையோடு இன்னொரு வாடையும் வந்தது. இருபது வருடம் என் சேலையிலும் தலைமுடியிலும் இருந்த வாடை அது. அதைத் தெரிந்துகொள்ள நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

படகுக்குள் குனிந்து பின்பக்கப் பலகைகளைத் தடவிக்கொண்டே போனேன். பெட்ரோல் டாங்கி வைக்கும் இடத்துக்குக் கீழே, இரண்டு பலகை சேருகிற இடத்தில் விரல் அமுங்கியது. விரலை எடுத்ததும் அந்த இடம் மெதுவாக மேலே எழும்பி வந்தது. மரம் அப்படி எழும்பி வராது. நகத்தால் பெயிண்டைக் கீறினேன். கீறிய இடத்திலிருந்து ஒரு முனையைப் பிடித்து இழுத்தால், நூல் மாதிரி நீளமாக வந்தது. மரத்தில் வெட்டின கோட்டில் காய்ந்து நிற்குமே, தினமும் காலையில் உரித்துக் கூடையில் போடுவோமே, அதே கோட்டுப்பால்.

யாரோ பலகை இடுக்கில் ரப்பர் பாலை ஊற்றி அடைத்து, மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். தண்ணீரை மட்டும் என்றால் அது கொஞ்ச நாள் நிறுத்தும். ஆனால் பெட்ரோல் பட்டால் ரப்பர் கரைந்து கஞ்சி மாதிரி ஆகிவிடும். கையில் ஒட்டின பாலை நாங்கள் மண்ணெண்ணெய் விட்டுத்தானே தேய்த்து எடுப்போம். அதனால் எங்களுக்கு இது தெரியும். டாங்கிக்குக் கீழே இருந்த இடம் ஏற்கெனவே பிசுபிசுவென்றுதான் இருந்தது.

"ஐயா, இது பலகை இல்ல, பாலு" என்றேன்.

"அது பெயிண்ட் தடிப்பு" என்றார் அவர்.

"அப்ப தண்ணி விட்டுப் பாப்போம்."

"இங்க பக்கத்தில ஆறு எங்க இருக்கு? ஈயம் தோண்டின குட்டைக்குத்தான் கொண்டு போகவேணும். அதுக்கு ஆள் வேணும், லொறி வேணும்."

"படக தண்ணிக்குள்ள விட வேணாங்கய்யா. தண்ணியப் படகுக்குள்ள விட்டாப் போதும்."

பால் வாளி ஓட்டையா என்று தெரிய அதைக் கொண்டுபோய் ஆற்றிலா மிதக்க விடுவோம். தண்ணீர் ஊற்றி நிறுத்தி வைப்போம், ஒழுகினால் ஓட்டை. இது எங்கள் லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செடிக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாய் பக்கத்திலேயே கிடந்தது. அதை எடுத்துப் படகுக்குள் போட்டு, யாரிடமும் கேட்காமல் பைப்பைத் திறந்துவிட்டேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் முப்பத்தைஞ்சு வருசம் கவர்மெண்ட் உத்தியோகம் பார்த்தனான். ஒருத்தரும் என்னைச் சோதிச்சுப் பார்த்ததில்லை. என்னைக் கள்ளன் எண்டு நினைக்கிறியளோ?"

என் கணவர் பதறிப்போய், "மன்னிச்சுக்குங்கய்யா, இதுக்குக் கொஞ்சம் வாய் நீளம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "பைப்ப மூடு, போலாம்" என்று பல்லுக்குள் சொன்னார். நான் செய்யாத குற்றத்துக்கு என் புருஷன் மன்னிப்புக் கேட்கிறார். அந்த இடத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவில்லை. துடைத்தால் அழுகிறேன் என்று நினைப்பார்கள்.

"ஐயா" என்றேன், "நான் உங்களக் குத்தம் சொல்லல. இருவது வருசம் என் பாலுல கண்ணாடிக் குச்சியப் போட்டுப் பாத்தாங்க. தண்ணி கலந்திருக்கான்னு. ஒருநாள் மழ பெஞ்சாக் கூட, நான்தான் கலந்தேன்னு சம்பளத்துல புடிச்சாங்க. யாரும் எங்கிட்ட மன்னிப்புக் கேக்கல. நானும் கோவிச்சுக்கிட்டுப் பாலத் தர மாட்டேன்னு வீட்டுக்குப் போகல. காசு குடுத்து வாங்குறவங்க பாத்துத்தான் வாங்குவாங்க. இன்னிக்கு நான் வாங்குறேன்."

தண்ணீர் படகுக்குள் விழுந்துகொண்டே இருந்தது.

நாலு விரல் உயரம் ஏறியதும் பைப்பை மூடினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பொய்யாகப் போயிருந்தால் அந்த வாசலில் நான் எப்படி நின்றிருப்பேன். பிறகு பின்பக்கம் அடியில் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது விழுந்தது. மூன்று இடத்தில் வரிசையாகச் சொட்டி, சிமெண்டுத் தரையில் தண்ணீர் ஓட ஆரம்பித்தது.

வீட்டுக்காரர் குனிந்து, அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் படகு ஒழுகியபோது ஒரு ஆளிடம் திருத்தக் கொடுத்தாராம். நல்ல சாமான் போட்டு அடைத்திருக்கிறேன் என்று சொல்லி அந்த ஆள் காசு வாங்கிக்கொண்டு போனானாம். அதற்குப் பிறகு அவர் மீன் பிடிக்கப் போகவே இல்லையாம். அவர் சொன்னதை நான் நம்பினேன். பொய் சொல்கிறவன் அப்படி இரண்டு தடவை தொட்டுப் பார்க்க மாட்டான்.

ஆனால் நம்புவது வேறு, விலை வேறு. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தபோதே நான் மனசுக்குள் யோசித்துவிட்டேன். எஞ்சின் நல்லது. அதைச் சொல்ல என் ஆளைவிட நல்ல சாட்சி கிடையாது. அடிப்பலகை இரண்டு மாற்ற வேண்டும், ஆற்றோரத்துத் தச்சரிடம் கொடுத்தால் செய்துவிடுவார். வீட்டுக்காரருக்கு இந்தப் படகு வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கிற ஒரு பழைய சாமான். எனக்கு அது பிழைப்பு. எனக்குப் பிழைப்பு என்பதால் அதன் விலை ஏறக் கூடாது. கண்ட்ராக்டர் அப்படித்தானே எங்களுக்கு விலை வைக்கிறார், வேறு வழியில்லை என்று தெரிந்துகொண்டு.

"எண்ணூறு தாரேங்கய்யா" என்றேன்.

என் கணவர் என் முழங்கையைப் பிடித்து, "அவரு குடுக்க மாட்டாரு, அப்புறம் நீந்தியா போவ?" என்று முணுமுணுத்தார்.

"நீந்திக்கூடப் போவேன். ஒழுகுற படகுக்கு ஆயிரத்து எரநூறு தர மாட்டேன்" என்றேன், வீட்டுக்காரர் காதில் விழுகிற மாதிரியே.

அவர் நிமிர்ந்து நின்றார். என்ன நினைத்தாரோ, கையை வீசி, "உங்களோட எனக்கென்ன பேரம்? காசு வேண்டாம். சும்மா தாறன், கொண்டு போங்கோ. ஏழைச் சனம், பிழைச்சுப் போங்கோ" என்றார்.

என் கணவர் முகத்தில் விளக்கு எரிந்தது. கும்பிடக் கையைத் தூக்கிவிட்டார். நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். இரண்டு பேரும் என்னைப் பைத்தியக்காரி மாதிரி பார்த்தார்கள். தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு ஆளனுப்பாதது ஒன்றுதான் குறை.

எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. எண்ணூறு வெள்ளி மிச்சம் என்றால் சும்மாவா. ஆனால் இன்னும் என் பெயரைக்கூடக் கேட்காத மனிதர், படகு ஒழுகுகிறது என்று நான் நிரூபித்ததும் என்னை ஏழைச் சனமாக்கிவிட்டார். அதை நான் வாங்கிக்கொண்டால், நான் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லாமல் போய்விடும், அவர் கொடுத்தது மட்டும் நிற்கும். கும்பிட்டு வாங்கின படகில் ஏறினால் தினமும் கும்பிட்டுக்கொண்டேதான் போகவேண்டும்.

"சும்மா வேணாங்கய்யா. ஒழுகுதுன்னு வெலயக் கொறச்சீங்கன்னா அது யாவாரம். பாவம்னு குடுத்தீங்கன்னா எனக்கு வேணாம். எண்ணூறு வாங்கிக்கிட்டு, இன்னாருக்கு வித்தேன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. தமிழ்ல எழுதுங்க, எனக்கு அதுதான் படிக்க வரும்."

அவர் உள்ளே போய் ஒரு தாளும் பேனாவும் எடுத்து வந்தார். தமிழில் எழுதிப் பல வருடம் ஆகியிருக்க வேண்டும், "விற்றேன்" என்று எழுதுவதற்கு முன் பேனா கொஞ்சம் நின்றது. எழுத்து மட்டும் அச்சு மாதிரி இருந்தது. அதுவரை என் கணவரைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தவர், முதல் தடவையாக என்னைப் பார்த்து, "உங்கட பேரைச் சொல்லுங்கோ" என்றார். சொன்னேன். என் கணவர் பெயரைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஊர் திரும்பும் பஸ்ஸில், கோலா கங்சார் வரும்போது என் கணவர், "சும்மா கெடச்சத விட்டுட்டியே புள்ள" என்றார். "நான் சும்மா கேட்டதாலதான் படகே கெடச்சுது" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குமேல் நாங்கள் சண்டை போடவில்லை.

லாரி வைத்துப் படகை ஆற்றோரம் கொண்டுவந்தோம். தச்சர் ரப்பரை எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு இரண்டு பலகையை மாற்றித் தந்தார். எஞ்சின் கயிற்றை இழுக்கவும் பிடியைத் திருப்பவும் என் கணவர் ஒரு வாரம் சொல்லிக் கொடுத்தார். சுழலில் ஒருதரம் சுற்றி, கரையில் ஒருதரம் மோதி, எப்படியோ படித்துவிட்டேன். பிறகு தினமும் ஐந்து மணிக்குக் கூடையை ஏற்றிக்கொண்டு தனியாகவே போக ஆரம்பித்தேன்.

ஆறாம் நாள் காலை கண்ட்ராக்டர் கையில் அரிக்கன் விளக்கோடு ஆற்றங்கரையில் நின்றுகொண்டிருந்தார். நான் கூடையைப் படகில் வைக்கும்வரை காத்திருந்து, "அக்கா, இது கம்பெனி நெலம்லா. இங்க படகு கட்டக் கூடாது. கட்டணும்னா பெர்மிஷன் கேக்கணும்" என்றார்.

"யாருகிட்ட?"

"எங்கிட்டதான். வேலைக்கு வாங்க. படகும் கட்டிக்கலாம், கேட்டுலயும் போலாம்."

எனக்குப் பயம்தான், மறைக்க என்ன இருக்கிறது. லயத்து வீடு அவர்கள் கையில். அடுப்பும் அரிசியும் அவர்கள் நிலத்தில். ஆனால் என் கால் படகில் இருந்தது. கயிற்றை அவிழ்த்து உள்ளே போட்டுக்கொண்டு, கம்பை ஊன்றிக் கரையைத் தள்ளினேன். படகு இரண்டு ஆள் தூரம் விலகி ஆற்றில் நின்றது.

"இப்ப நான் உங்க நெலத்துல இல்ல" என்றேன். "இப்பச் சொல்லுங்கண்ணே, யாருகிட்ட பெர்மிஷன் கேக்கணும்?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். தண்ணீரில் கால் வைக்க அவருக்கு மனசில்லை, நல்ல சப்பாத்து போட்டிருந்தார்.

"மத்தியானம் திரும்பி வரணும்ல?" என்றார்.

"வருவேன். வந்து இங்கதான் கட்டுவேன். நாளைக்குக் காலையில அவுத்துக்கிட்டுப் போவேன். நாள மறுநாளும் போவேன். என்னத் தடுக்கணும்னா, தெனமும் வெடியிறதுக்கு முன்னாடி நீங்க எந்திரிச்சு வரணும்."

கயிற்றை இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது. அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். விளக்கு வெளிச்சத்தில் வாய் அசைந்தது தெரிந்தது, ஒரு சொல்கூட எனக்குக் கேட்கவில்லை.

தோட்டத்துக் கேட்டை அன்றைக்கும் ஏழு மணிக்குத்தான் திறந்தார்கள். அப்போது என் கூடையில் பாதிக்கு மேல் விற்றிருந்தது.